மரநாய் முகாம்

மொழிபெயர்க்கிறவனுக்கு ரொம்பப் பிடித்த சொல், மொழிபெயர்க்கவே வேண்டாத சொல்தான். முப்பத்தொரு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரங்களை மலையாளமாக்கிக் கொடுத்தே கண்ணாடி தடித்துப்போனவன் சொல்கிறேன், நம்பலாம்.

என் பெயர் நயினார். பூர்வீகம் நாஞ்சில்நாடு, இருப்பது திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்து வாடகை வீட்டில். மனைவி முத்தாரம்மாள் மகளுடைய பிரசவத்துக்கு என்று பெங்களூர் போனவள், பேரனுக்கு இரண்டு வயதான பிறகும் அங்கேயே இருக்கிறாள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தால் சுவரோடு பேச வேண்டியதுதான் என்று பயந்து, சாஸ்தமங்கலத்தில் இருந்த இயற்கைப் பாதுகாப்பு சமிதியின் மாநில ஆபீசில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன்.

அகில இந்திய சமிதி. தலைமை ஆபீஸ் டெல்லியில். வடக்கே அவர்களுக்குக் கழுகு இருந்தது, கிழக்கே கடலாமை இருந்தது, பாலைவனத்தில் ஏதோ ஒரு பறவை இருந்தது. எங்கள் ஆபீசுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு பிராணி இல்லை. வருஷா வருஷம் டெல்லியிலிருந்து வரும் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் பிற மாநிலத்து மிருகங்களே நின்றுகொண்டிருக்கும். அதில் எங்கள் டைரக்டருக்கு உள்ள மனக்குறை கொஞ்சநஞ்சமல்ல.

அப்படி இருக்கும்போதுதான் மலையோர மக்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எந்தெந்த மிருகத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். வித்துராவிலிருந்து மேலே ஏறினால் ஏழிலைக்குன்னு எஸ்டேட். கம்பெனிக்காரர்கள் பூட்டிவிட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கீழ் டிவிஷனில் நாலைந்து குடும்பம் மிச்சம். டாப் டிவிஷனில் ஒரே ஒருத்தி. அவளுடைய பேச்சை ஜீப் டிரைவர் ஷிஜு மொபைலில் பதிவு செய்து கொண்டுவந்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துத் தமிழ், நடுவில் நடுவில் மலையாளம்.

"எம்பேரு பேச்சி. வயசு அறுவத்திரெண்டு. ஏழாம் நம்பர் லயம். இங்க பன்னி வரும், முள்ளம்பன்னி வரும். கரடி ரெண்டு தடவ கண்டிருக்கேன். மரநாய் தெனமும் வருது கேட்டோ. கூரை மேல ஓடும். பலா பழுத்தா மொத பந்தி அதுக்குத்தான்."

பன்னியைக் காட்டுப்பன்னியாக்கினேன், லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு என்று அடிக்குறிப்பு போட்டேன். மரநாய் வந்த இடத்தில் மரநாய் என்றே எழுதினேன். இரண்டு மொழியிலும் ஒரே சொல். அந்தப் பக்கத்தில் நான் யோசிக்காமல் எழுதிய சொல் அது ஒன்றுதான்.

மறுநாள் ஆபீஸ் கல்யாண வீடாகிவிட்டது. மேற்குமலை உச்சிக் காட்டில் மட்டும் இருக்கிற, வருஷக்கணக்கில் அலைந்தாலும் கண்ணில் படாத பிராணி அது. உடம்பு கறுப்பு, கழுத்து மட்டும் பளிச்சென்று மஞ்சள். அது ஒரு கிழவியின் கூரைமேல் தினமும் ஓடுகிறதென்றால்? திட்ட அதிகாரி வினீத் நெடுமங்காட்டுப் பையன், இருபத்தெட்டு வயது, காட்டைத் தவிர எதுவும் தெரியாதவன். ஆளொழிந்த லயங்களுக்குக் காடு இறங்கி வருகிறது, மரநாயும் கூடவே இறங்கிவிட்டது என்று அவன் இருபது பக்கம் எழுதினான். டெல்லி உடனே அனுமதி கொடுத்தது. புரட்டாசியில் பேச்சியம்மாவின் பக்கத்து வீட்டைத் துப்புரவாக்கி முகாம் போட்டார்கள். பதினோரு தானியங்கிக் கேமரா. வாரத்தில் நாலு நாள் வினீத் அங்கேயே தங்குவான். செவ்வாயும் வெள்ளியும் ஷிஜுவின் ஜீப் ஏறும்.

மாதம் ஒரு தடவை படிவங்களோடு நானும் போவேன். கீழ் டிவிஷன் வரைக்கும்தான் ரோடு என்று சொல்லத் தக்க ஒன்று உண்டு. அதற்கப்புறம் ஐந்து கிலோமீட்டர் கல்லும் ஓடையும். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடியெல்லாம் மரமாகி நிற்கும். மேலே போய்ச் சேரும்போது பேச்சியம்மா வழியிலேயே நிற்பாள். ஜீப் சத்தம் கீழே மூன்றாம் வளைவில் கேட்டதுமே வந்து நின்றுவிடுவாள் என்று ஷிஜு சொன்னான்.

"வாங்க சாரே, சுகந்தானா? வீட்டுல அம்மா வந்தாச்சா?"

"இல்ல."

"இன்னும் வரலியா? பேரன் பெரிசாயி கல்யாணம் களிஞ்ஞு வருவாங்களாயிருக்கும்."

அப்போது தொடங்கினால் நாங்கள் கிளம்பும்வரை பேச்சு நிற்காது. மழை, ஊற்றில் தண்ணீர் குறைந்தது, பன்னி தோண்டிப்போட்ட மரச்சீனிக் கிழங்கு, செத்துப்போன புருஷன் சுடலைக்கண்ணு ஆபீஸ் துரையிடம் சண்டை போட்டது, எல்லாம் வரும். பேரிலேயே பேச்சு வைத்துக்கொண்டவள். முகாம் வருவதற்கு முந்திய மூன்று வருஷம், டாப் டிவிஷனில் ஒற்றை ஆளாக, அவளுக்கு எப்படிப் போயிற்று என்று ஒருநாள் கேட்டேன். மரச்சீனி வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"கோழி உண்டும்லா, அதுகிட்ட பேசுவேன். பெறவு ஞாயித்துக்கெழம கீழ எறங்கிப் போவேன். அங்க பஸ்ஸு நிக்கும். கண்டக்டர்ட்ட, 'வித்துரா போவுமா'ன்னு கேப்பேன். 'போவும் அம்மச்சி, கேறிக்கோ'ம்பான். 'இல்ல, சும்மா கேட்டேன்'னுட்டு மேல ஏறி வந்துருவேன்."

"அஞ்சு கிலோமீட்டர் நடந்து அதைக் கேக்கவா?"

"ஒரு கேள்வி கேட்டா ஒரு பதில் கிட்டுதுல்லா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகன் செல்வகணேஷ் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருந்தான். மருமகள், இரண்டு குழந்தைகள், ஒற்றை அறை வீடு. ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பதினோராம் நாள் திரும்பி வந்துவிட்டாள். "அங்க ஆளு உண்டு சாரே, பேச்சு இல்ல. எல்லாம் போனத் தோண்டிக்கிட்டு இருக்கு. பிள்ளைய ரெண்டும் மலையாளத்துல ஏதோ கேக்கும், நான் பதில் சொல்லும்போ அதுக எந்திரிச்சிப் போயிருக்கும்." அதற்கு இங்கே தனியாக இருப்பது மேல் என்று ஏறி வந்தவளுக்கு, முகாம் வந்தது பெரிய காரியம். வினீத்துக்குச் சோறு பொங்கினாள். காட்டுத் தேயிலையைப் பறித்து, கையால் உருட்டி, வாணலியில் வறுத்துப் பாலில்லாத கட்டன் சாயா போட்டாள். கேமராவுக்கு முன்னால் வளரும் புல்லை அரிந்தாள். ராத்திரி அவன் பேட்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கையில் இவள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டிருப்பாளாம், அவன் 'உம்' கொட்டுவானாம்.

ஆனால் மரநாய் மட்டும் கேமராவில் விழவில்லை. பத்து மாதமாகியும் பன்னி, முள்ளம்பன்னி, கூரன் என்கிற சருகுமான், மரப்பட்டி இவைதான். லயத்தைச் சுற்றி வைத்த கேமராவில் மரப்பட்டி படம் மட்டும் எண்ணூறு சேர்ந்ததாக வினீத் ஆபீசில் வந்து எரிச்சல் பட்டான். எல்லாவற்றையும் அழித்தான். ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் அவளிடம், "அம்மச்சி, மரநாய் வந்நோ?" என்று கேட்பான். "வந்துச்சு, நேத்தும் வந்துச்சு," என்பாள். அவன் குறித்துக்கொள்வான். லயத்தில் மனித வாடைக்குப் பயந்து கேமராவைத் தவிர்க்கிறது என்று முடிவு செய்து, பாதிக் கேமராக்களை மேலே சோலைக்காட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே அட்டையும் குளிரும் தவிர வேறொன்றும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனி மாதம் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. படம் இல்லை, ரோமம் இல்லை, எச்சம் இல்லை. மாதக் கடைசியோடு முகாமை எடுத்து வேறு மலைக்கு மாற்ற வேண்டும். ஒரு வாசகம் மட்டும் இரக்கப்பட்டு எழுதியிருந்தார்கள். நேரில் பார்த்தவரின் விரிவான வாக்குமூலத்தைக் கையெழுத்தோடு அனுப்பினால், இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பது பற்றி யோசிக்கலாம். வாக்குமூலம் தமிழில் வாங்கி மொழிபெயர்க்க வேண்டும். அதனால்தான் நான் முதல்முறையாக அங்கே ஒரு ராத்திரி தங்கும்படி ஆயிற்று. இல்லாவிட்டால் மூடுபனிக்கும் யானைக்கும் பயந்து மூன்று மணிக்கே ஜீப் இறங்கிவிடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது வினீத் இல்லை. இரண்டு நாளாகச் சோலைக்காட்டிலேயே தார்ப்பாய் கட்டிக் கிடக்கிறான், காலையில் இறங்குவான் என்றாள் பேச்சியம்மா. ஷிஜு ஜீப்போடு கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டான். மழை விட்டிருந்தது. வேகவைத்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். காந்தாரி என் காதுவரைக்கும் ஏறியது.

"வாக்குமூலம்னா என்ன எழுதணும் சாரே?"

"நீங்க கண்டதை எழுதணும். எப்பம் கண்டீங்க, எப்படி இருந்துச்சு, என்ன நெறம், எவ்வளவு பெரிசு."

"நெறமும் எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. முற்றத்துப் பலாமரத்தில் ஒரு பழம் வெடித்துத் தொங்கியது, வாசனை வீடு முழுக்க இருந்தது. சாயாவோடு வந்தவள் என் தோளைத் தொட்டு, "அந்தா பாருங்க, வந்துட்டு," என்றாள்.

கிளையில் ஒன்று இறங்கி வந்தது. சாம்பல் உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு, மூஞ்சியில் கறுப்பு, உடம்பு நீளத்துக்கு வால். ஒரு அவசரமும் இல்லாமல் பழத்துக்குள் தலையை விட்டது.

"எது வந்துட்டு?"

"மரநாய்தான். சாரு இதுவரைக்கும் கண்டதில்லியே."

கண்டதில்லையா? ஸ்ரீவராகத்தில் என் மச்சில் குடியிருக்கிற சாமான் அது. தினமும் ஓட்டின்மேல் ஓடும், நான் கம்பால் தட்டினால் ஒரு நிமிஷம் நின்று மறுபடி ஓடும். 'மரப்பட்டி சல்யம்' என்று நானும் பக்கத்து வீட்டுக்காரரும் காலையில் மதில்மேல் சாய்ந்து புலம்பிக்கொள்வோம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மரப்பட்டி என்றால் மரநாய். தமிழ்க்காரன் மரநாய் என்று சொல்வது இதைத்தான். மலையாளத்து மரநாய் வேறு, கறுப்பு உடம்பும் மஞ்சள் கழுத்துமாக அது எங்கோ உச்சிக் காட்டில் இருக்கிறது. நாஞ்சில்நாட்டில் பிறந்த எனக்கு இது தெரியாமலில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் மரநாய் என்றுதான் சொன்னோம். இந்த ஊர் வந்து நாற்பது வருஷத்தில் அதை மரப்பட்டி என்று திட்டப் பழகி, பழைய பேரை மறந்துவிட்டேன். சொல் ஒன்றாக இருக்கிற சந்தோஷத்தில் பொருளைப் பார்க்கவில்லை. ஒரு ஜீப்பும், பதினோரு கேமராவும், ஒரு பையனின் பத்து மாதமும் என் ஒரு சொல்லின்மேல் மலையேறியிருந்தன. கையில் சாயாத் தம்ளர் சாய்ந்திருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"பேச்சியம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன?"

"இவங்க தேடுத மரநாய் இது இல்ல. இது மரப்பட்டி. நான் எழுதினதுல வந்த பெசகு."

அவள் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள், சிந்திவிடும் என்று.

"தெரியும் சாரே."

"என்னது தெரியும்?"

"துலா மாசமே தெரியும். வினீத்து ஒரு படம் கொண்டுவந்து அந்தச் சொவத்துல ஒட்டுனாம்லா, கறுத்துப்போயி, களுத்து மட்டும் மஞ்சளா. ஷிஜுட்ட கேட்டேன், 'இது எந்தப்பா ஜீவி'ன்னு. 'இதல்லே நிங்ஙள் சொன்ன மரநாய்'னான். அப்பமே வெளங்கிட்டு."

ஐப்பசியிலிருந்து ஆனி வரை ஒன்பது மாதம்.

"பின்ன ஏன் சொல்லல?"

"சாரு வீட்டுல கூட ஆரு உண்டு?"

"இப்பம் ஆருமில்ல. தெரியுமே."

"பின்ன பேசுததுக்கு?"

"டிவி உண்டு."

"இங்க கரண்டும் இல்ல," என்றாள்.

பிராணி பழத்தின் ஒரு சுளையை இழுத்துக் கீழே போட்டது. கோழி கூட்டுக்குள் முனகியது. அவள் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலைத் தாழ்த்திப் பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் பொய் சொல்லல சாரே. 'மரநாய் வந்நோ'ன்னு அவன் கேப்பான். வந்துச்சுன்னு சொல்லுவேன். வந்துச்சுல்லா? அவன் என்ன நெறம்னு ஒருநாளும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பனோ மாட்டனோ, எனக்கே நிச்சயமில்ல. சொன்னா மறுநாளே எல்லாத்தையும் கெட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அவங்க போயிட்டா நான் மறுபடியும் கண்டக்டர்ட்ட போயி நிக்கணும். இப்பம் முட்டும் வலிக்குது. அவ்வளவு தூரம் எறங்கி ஏற முடியாது."

"மகன் கூப்பிடுதான்லா."

"கூப்பிடுதான். அவன் கூப்பிடுததும் ஒரு கடமைக்குத்தான். நான் போறதும் ஒரு கடமைக்குத்தான். அது ரெண்டு பேருக்கும் தெரியும்."

முத்தாரம்மாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பது எனக்கு ஞாபகம் வந்தது. நானும் போட்டேன் என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"வினீத்து பாவம் இல்லியா?" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"பாவந்தான். அதுக்குத்தான் நேரத்துக்குச் சோறு போடுதேன்." கீழே வைத்த தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க எப்பம்போல எழுதுங்க சாரே. மரநாய்னு நான் சொல்லுதேன், மரநாய்னு நீங்க எழுதுங்க. நெறம் மட்டும் சரியா காணல, மூடுபனின்னு போட்டுருங்க. ஆறு மாசம். பெறவு பெலா காய்க்கும், அதுக்குள்ள வேற என்னமும் ஒரு வழி வராமலா போவும்?"

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பத்திரத்தில்கூட நான் தெரிந்து பிசகு செய்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் சொன்னது எனக்குச் சட்டப்படி சரியாகவே பட்டது. சொல் அவளுடையது, நான் அதை அப்படியே வைக்கிறேன். என் பிசகும் வெளியே வராது. சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கொளுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். முகாம் வீட்டில் படுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் 'உம்' கொட்டினேன்.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. எட்டரை மணிக்கு வினீத் இறங்கி வந்தான். கண் சிவந்து, தாடி வளர்ந்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நொண்டினான். இரண்டு காலிலும் அட்டை. காலுறைக்குள் ரத்தம் ஊறி, ஷூவைக் கழற்றியதும் தரையில் வழிந்தது. பேச்சியம்மா அவனை முக்காலியில் உட்காரவைத்துத் தானும் கீழே உட்கார்ந்து, உப்பைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டைக்குள் போட்டாள். அவன் காலில் பழைய கடிகளும் இருந்தன, சில பழுத்திருந்தன. அவற்றை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எப்பம் உள்ளது?"

"போன மாசம்."

"மருந்து இடல்லியா?"

"சாரமில்லா அம்மச்சி, போயிரும்." என்னைப் பார்த்தான். "நயினார் சாரே, எழுதியோ?"

"இல்ல, நீ வரட்டும்னு இருந்தேன்," என்று பேனாவையும் தாளையும் எடுத்தேன். மூடுபனி என்று முதல் வரியை மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன்.

"எழுதண்டா," என்றான்.

அவன் தமிழும் மலையாளமுமாகச் சொன்னது இதுதான். காட்டில் இரண்டு நாளும் இதையே யோசித்தானாம். கிழவியின் வாக்குமூலத்தை டெல்லிக்காரர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிக்காத ஒரு தோட்டத் தொழிலாளி, சாயங்கால வெளிச்சம், வயது என்று ஆயிரம் சொல்லித் தள்ளிவிடுவார்கள். திட்ட அதிகாரி சொன்னால் தள்ள முடியாது. ஆகவே தானே இந்த லயத்துப் பலாமரத்தில் மரநாயைப் பார்த்ததாகத் தன் பேரில் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறான்.

"நீ கண்டியா?" என்று கேட்டேன்.

"இல்லா. அம்மச்சி கண்டல்லோ." அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பத்து மாசமாயிட்டு அம்மச்சிய எனிக்குத் தெரியும். அம்மச்சி கள்ளம் பறயில்லா. அம்மச்சி கண்டது ஞான் கண்டது தன்னே."

"பின்னால பொய்னு தெரிஞ்சா?"

"ஜோலி போகும். பின்னே ஒருத்தரும் ஜோலி தரில்லா." தோளைக் குலுக்கினான். "அது அவிடெ உண்டல்லோ சாரே. உள்ளதைத்தானே எழுதுந்நு."

பேச்சியம்மாவின் கை அவன் கணுக்காலில் நின்றுவிட்டது. ஒரு அட்டை உப்புப் பட்டுச் சுருண்டு அவள் உள்ளங்கையில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். எதையாவது சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். நேற்று அவளிடம் சொல்லத் தெரிந்த எனக்கு இன்று இவனிடம் வாய் திறக்கவில்லை.

"மோனே," என்றாள்.

"எந்தா?"

"அது மரநாயல்ல. மரப்பட்டியாணு."

அவளே மலையாளத்தில் சொல்லிவிட்டாள். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

வினீத்துக்கு முதலில் புரியவில்லை. "ஏது?"

"நான் கண்டது. தெனமும் வருதது. நீ கேமராவுல கண்டு அழிச்சுப்போட்டியே, அது. நாங்க தமிழ்ல அதத்தான் மரநாய்னு சொல்லுவோம். உன் படத்துல உள்ளத நான் இந்தக் காட்டுல கண்டதே இல்ல மோனே. ஒரு தடவகூடக் கண்டதில்ல."

அவன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். ஈரத்தில் அதன் ஓரம் சுருண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் எழுதினதுதான்," என்றேன். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். முக்காலியிலேயே குனிந்து, பழுத்த கடி ஒன்றைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அம்மச்சிக்கு எப்போ மனசிலாயி?"

"துலா மாசம்."

"ஒம்பது மாசம்," என்று விரல்விட்டு எண்ணினான். "எந்தா என்கிட்ட சொல்லாத்தது?"

என்னிடம் நேற்று அத்தனை பேசியவள் மிச்சமிருந்த இரண்டு அட்டைகளை எடுத்தாள், முந்தானையால் அவன் காலைத் துடைத்தாள், சிரட்டையைக் கொண்டுபோய் மழையில் கொட்டினாள். அடுப்பில் கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டது. போய் இறக்கி, பயறும் ஊற்றி, மூன்று பேருக்கும் விளம்பினாள். வினீத் சாப்பிட்டான். அதைப் பார்த்துவிட்டு நானும் சாப்பிட்டேன். அவள் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

பதினோரு மணிக்குக் கீழே ஜீப் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் வழிக்குப் போகவில்லை. ஷிஜு வந்து விஷயம் கேட்டு, "அய்யோ, மரப்பட்டியோ!" என்று சிரிக்க ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பாய், பெட்ரோமாக்ஸ், பாத்திரம், பேட்டரிப் பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏறின. சோலைக்காட்டுக் கேமராக்களை அடுத்த வாரம் வேறு ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று வினீத் சொன்னான். அவள், "அவங்க எத்தன பேரு வருவாங்க?" என்று கேட்டாள். இரண்டு பேர் என்றான். சரி என்று தலையாட்டினாள்.

கடைசியாக முற்றத்துக் கேமரா மட்டும் மிச்சமிருந்தது. அதன் பட்டையில் இருந்த கொக்கி எப்போதோ துருப்பிடித்து உடைந்துபோய், பேச்சியம்மா தன் பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பலாமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மழையில் நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. வினீத் நகத்தால் நோண்டினான், பல்லால் கடித்தான், அசையவில்லை. ஷிஜு கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"வெட்டாண்டாம்," என்றாள்.

மழைக்குள் இறங்கி வந்து, வினீத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தாள். ரொம்ப நேரம் எடுத்தது. அவிழ்ந்ததும் கேமராவைத் தன் சேலையில் ஈரம் போகத் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள்.